மெத்தைக்காரரின் பெட்ரோல் ஞானம்

ஊசியம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. வெளியில் கேட்டால் அது அவளுடைய நல்ல குணம் என்பார்கள். வீட்டில் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது அவள் வேலை. பெயரும் அப்படி வந்ததுதான். சர்க்கரை ஏறியிருந்தால் ஏறியிருக்கிறது என்பாள். லேசாக, கொஞ்சூண்டு என்று இழுத்துப் பேசுகிற வழக்கமெல்லாம் கிடையாது. ஒரு கல்யாண வீட்டில் பெண் எப்படி என்று யாரோ கேட்டதற்கு, "கண்ணு வெளுத்திருக்கு, ரத்தம் கம்மியா இருக்கும், டெஸ்ட் பண்ணிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனவள்.

அவளுடைய கணவர் மெத்தைக் கடையில் விற்பனையாளர். தெருவில் அவருக்கு மெத்தைக்காரர் என்று பெயர். வாய்தான் அவருக்கு மூலதனம். கடைக்கு வருகிறவரைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, மெத்தையில் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, தலைமாட்டில் நின்றுகொண்டு தாழ்ந்த குரலில் பேசுவார். "இப்ப உங்க முதுகெலும்பு ஒவ்வொண்ணா இறங்குது பாருங்க சார்." சாருக்கு உடனே இறங்க ஆரம்பித்துவிடும். சாதா, டீலக்ஸ் என்று கடையில் இரண்டு ரகம். உறைதான் வேறு, உள்ளே இரண்டிலும் ஒரே பஞ்சு. இதை அவரே கல்யாணமான புதிதில் ஒருநாள் வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அன்றோடு தொலைந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் சொன்ன எதுவும் எடுபடவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்றால் ஊசியம்மா வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் துணியை எடுப்பாள். தலை வலிக்கிறது என்றால், "வலிக்குதா, வலிக்கற மாதிரி இருக்கா?" என்பாள்.

இவர்கள் வீட்டு மாடியில் ஊசியம்மாவின் தம்பி குடியிருந்தான். அவன் புதுக் கார் வாங்கியபோது பழைய காரை அக்கா வீட்டுத் தலையில் கட்டிவிட்டான். சின்னக் கார், வயதான கார், மேட்டில் ஏறும்போது பெருமூச்சு விடுகிற கார். மெத்தைக்காரர் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். முதல்முறை பெட்ரோல் பங்குக்குப் போய்விட்டு வந்தவர் வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே அறிவித்தார்.

"இனிமே நம்ம வண்டிக்குப் பிரீமியம் பெட்ரோல்தான். சாதா போட்டா இன்ஜின் மனசு விட்டு ஓட மாட்டேங்குது."

மாடிப்படியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்த தம்பி சிரித்தான். "மாமா, வண்டியோட குடுத்த புத்தகத்துலயே சாதா போதும்னு போட்டிருக்கு. இந்த இன்ஜினுக்குப் பிரீமியம் ஊத்தறது வழுக்கைத் தலைக்கு ஷாம்பு போடற மாதிரி."

மெத்தைக்காரர் தன் தலையை ஒருமுறை தடவிக்கொண்டார். "எனக்கு வித்தியாசம் தெரியுது மச்சான். கால்லயே தெரியுது. ஆக்ஸிலேட்டர மிதிச்சா சாதா முனகிட்டே போகுது. பிரீமியம் சிரிச்சிக்கிட்டே போகுது."

"கடைப் பேச்சு" என்றாள் ஊசியம்மா, உள்ளேயிருந்து.

அவர் வாசலில் செருப்பைக் கழற்றப் போனார். ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொன்றைக் கழற்றாமல் அப்படியே நின்றார்.

"நான் மெத்தை விக்கறவன்தான். என் பேச்சு பஞ்சுப் பேச்சுதான். ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், சொல்லு. கல்யாணமானதுலேர்ந்து என்னிக்காவது, ஏதாவது ஒரு விஷயத்துல, நான் சொன்னத அப்படியே நம்பியிருக்கியா?"

வேறு பெண்ணாக இருந்தால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பாள். ஊசியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நிலைப்படியில் சாய்ந்து, நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள்.

அவர் முகம் தொங்கிப்போனது. அவளுக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது. கஷ்டமாக இருந்தால் ஆறுதல் சொல்ல அவளுக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். "டெஸ்ட் பண்ணிரலாம்" என்றாள்.

ஒரு காரியத்தில் இறங்கினால் ஊசியம்மா அரைகுறையாகச் செய்யமாட்டாள். பரிசோதனைக்கு வண்டி வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று சொல்லிவிட்டாள். டாங்கில் பழைய பெட்ரோல் மிச்சம் இருந்தால் முடிவு கெட்டுவிடுமாம். ஆகவே மஞ்சள் விளக்கு எரிகிறவரை மெத்தைக்காரர் வண்டியை ஓட்டித் தீர்க்கவேண்டியிருந்தது. போக ஓர் இடமும் இல்லாமல் பூங்காவைச் சுற்றிச் சுற்றி வந்தார். அங்கே நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்த ஒருவர், இவரையும் டாக்டர்தான் சுற்றச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்து ஒவ்வொரு சுற்றுக்கும் கையாட்டினார். பங்குக்குப் போய்ப் பெட்ரோல் போடுவது ஊசியம்மா மட்டும். அவருக்கு எது என்று தெரியக்கூடாது. இதில் தம்பியும் தன் பங்குக்கு ஒரு விதி சேர்த்தான்.

"எதப் போட்டேன்னு எங்கயும் எழுதி வைக்காத அக்கா. பில்லையும் அங்கயே கிழிச்சிப் போட்டுரு. மாமா எட்டிப் பாத்துருவாரு. உன் வாயில இருக்கட்டும். அதவிடப் பத்திரமான இடம் இந்த ஊர்லயே கிடையாது."

முதல் பரிசோதனையன்று, ஊசியம்மா பங்கில் பெட்ரோல் போடும் அம்மாவிடம், "ரெண்டுல ஏதாவது ஒண்ணு போடுங்க, நீங்களே முடிவு பண்ணுங்க, நான் சொல்லக்கூடாது" என்றாள். அந்த அம்மா இவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சாதா பெட்ரோலைப் போட்டாள். ஊசியம்மா வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள். மெத்தைக்காரர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். பத்து வருடத்துக்கு முன்னால் கடையில் கொடுத்த டையையும் கட்டியிருந்தார். வண்டியில் ஏறி, கண்ணாடியைச் சரிசெய்து, தெருமுனையில் திரும்பிப் போனார். தம்பி கையைக் கட்டிக்கொண்டு படியில் நின்றான். மாமாவின் மூக்கு உடைபடுவதைப் பார்க்க அன்று வேலைக்கே லீவு போட்டிருந்தான்.

வண்டி திரும்பி வந்தது. மெத்தைக்காரர் இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தினார்.

"பிரீமியம்" என்றார்.

தப்பு என்று சொல்லத்தான் ஊசியம்மா வாயைத் திறந்தாள். திறந்த வாயோடு அவரைப் பார்த்தாள். அவளுடைய வேலையிடத்தில் முடிவு கொடுக்கிற ஜன்னல் ஒன்று உண்டு. கவர் கைக்கு வருகிறவரை ஜனங்கள் அங்கே ஒரு மாதிரி நிற்பார்கள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது, சிரிக்கவும் மாட்டார்கள், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவளின் முகத்திலேயே எல்லாம் எழுதியிருப்பதுபோலப் பார்ப்பார்கள். தினமும் பார்க்கிற நிற்பு அது. தன் வீட்டு வாசலில், டையெல்லாம் கட்டிக்கொண்டு, தன் புருஷன் அப்படி நிற்பார் என்று அவள் நினைத்ததே இல்லை.

"சரி" என்றாள்.

அந்த வார்த்தை எப்படி வெளியே வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. மெத்தைக்காரர் குதிப்பார் என்று பார்த்தால் குதிக்கவில்லை. உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார். சமையலறை மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதை அவள் பார்த்துவிட்டாள். அதற்குமேல் எப்படி மாற்றிச் சொல்வது?

ஒருமுறை குருட்டாம்போக்கில் அமைந்திருக்கும் என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றான். மறுபடியும் வண்டியைக் காயப்போட்டு, மறுபடியும் பெட்ரோல் போட்டார்கள். மறுபடியும் அவர் சுற்றிவிட்டு வந்து ஏதோ ஒன்றைச் சொன்னார். சில தடவை நிஜமாகவே சரியாக இருந்தது, சில தடவை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு காசைச் சுண்டிப்போட்டாலும் அவ்வளவுதான் வரும். எதற்கும் ஊசியம்மா "சரி" என்றாள். கடைசியில் எதைப் போட்டோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டாள்.

தம்பி விழுந்தான். இப்படி விழுகிறவர்கள் சும்மா விழமாட்டார்கள், சாஷ்டாங்கமாக விழுவார்கள். "அக்கா பொய் சொல்லாது. அப்ப மாமா கால்ல ஏதோ இருக்கு" என்று தெரு முழுக்கச் சொன்னான். அதற்குப் பிறகு வாசலில் வண்டிகள் வரிசைகட்டின. ஸ்கூட்டர், ஆட்டோ, பள்ளிக்கூட வேன் எல்லாம் வந்தன. மெத்தைக்காரர் ஒவ்வொன்றிலும் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கி, இது சாதா, இது பிரீமியம், இது சாதாதான் ஆனால் நல்ல மனதோடு போட்டது என்று சொல்லிக்கொண்டே போனார். வங்கி மேலாளர் ஒருவர் அவரைத் தன் அலுவலக லிஃப்டில் மேலும் கீழும் அனுப்பி, கட்டடத்துக்கு வருகிற கரண்ட் எந்த ரகம் என்று கேட்டார். ஒரு பெரியவர் தன் மாப்பிள்ளையின் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து, "வண்டிய விடுங்க, மாப்பிள்ளை எந்த ரகம்னு சொல்லுங்க" என்றார். மெத்தைக்காரர் பைக்கில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடி, "சாதாதான். ஆனா மைலேஜ் குடுப்பாரு" என்றார். பெரியவர் நிம்மதியாகப் போனார்.

வீட்டிலும் அதுவே ஆனது. "இன்னிக்கு உன் பேச்சு பிரீமியம்" என்பார் காலையில். சாயங்காலம் அவள் அலுத்துப்போய் வந்தால், "சாதா ஊத்தியிருக்காங்க போல" என்பார். சந்தோஷத்தில் அவர் குரலே மாறிப்போயிருந்தது. கடையில் தலைமாட்டில் நின்று பேசுகிற அந்தத் தாழ்ந்த குரல் போய், உரக்கப் பேச ஆரம்பித்திருந்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் ஊசியம்மாவுக்கு ஒரு பக்கம் ஆசையாகவும் இன்னொரு பக்கம் பயமாகவும் இருந்தது. ஒருநாள் வேலையில் நரம்பு தவறிப்போய், ஒரே ஆளை மூன்று இடத்தில் குத்திவிட்டாள். குத்துப்பட்டவர், "பரவால்லம்மா, உங்க கை தப்பு பண்ணாது, என் நரம்புதான் சரியில்ல" என்றார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் பங்க் முதலாளி வந்தார். அவர் பங்கில் பிரீமியம் பெட்ரோல் சீண்டுவாரில்லாமல் கிடந்தது. இப்போது மெத்தைக்காரர் புண்ணியத்தில் நாலு பேர் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். முதலாளி இவர்கள் வீட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார்.

"மெத்தைக் கடைய விட்டுருங்க சார். என் பங்க்ல, பிரீமியம் பம்ப் பக்கத்துல, ஒரு நாற்காலி, ஒரு குடை. வர்றவங்ககிட்ட நீங்க பேசினாப் போதும். ஞாயித்துக்கெழம எல்லார் முன்னாடியும் ஒரே ஒரு டெஸ்ட். அம்மாதான் பெட்ரோல் போடணும், அம்மாதான் ரிசல்ட் சொல்லணும். அம்மா சொன்னா ஊரே நம்பும்."

"திங்கக்கெழம கடையில எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்" என்றார் மெத்தைக்காரர். அவளைக் கேட்கக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் டை கட்டிக்கொண்டிருந்தபோது, ஊசியம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இதை இதற்குமேல் வயிற்றில் வைத்திருக்க அவளால் முடியவில்லை.

"என்னங்க. உங்களுக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

"சாதா எது, பிரீமியம் எதுன்னு. மொத தடவ நான் போட்டது சாதா. நீங்க பிரீமியம்னீங்க. நான் சரின்னுட்டேன். அப்பறமும் பாதிக்குப் பாதி தப்பு. எல்லாத்துக்கும் சரி சரின்னு தலையாட்டிட்டேன்."

அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவர் முகம் இடிந்துபோகும் என்று அவள் பயந்தாள். அவர் புன்னகை செய்தார். திரும்பி வந்து அவள் தோளில் கையை வைத்தார்.

"பயந்துட்ட. அத்தன பேர் முன்னால நான் தோத்துருவேன்னு பயம். அதான் என்னைத் தடுக்கப் பாக்கற."

"இல்லைங்க, சத்தியமா."

"ஏம்மா, உனக்குப் பொய் சொல்ல வருமா? வராது. அப்ப நீ இத்தன நாளா சரின்னு சொன்னது எப்படிப் பொய்யாகும்? இப்ப சொல்றதுதான் பொய். சொல்லத் தெரியாம சொல்ற, பாரு, வேர்த்து ஊத்துது."

அவளுக்கு வேர்த்துத்தான் ஊற்றியது. அவள் மறுபடி மறுபடி சொன்னாள். அவர் மறுபடி மறுபடி தட்டிக்கொடுத்தார். இதற்குமுன் ஆயுசில் ஒரு தடவைகூடப் பொய் சொல்லாமல் இருந்ததற்கு இப்படி ஒரு தண்டனை கிடைக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "வா, நேரமாச்சு" என்று அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

பங்கில் திருவிழாக் கூட்டம். இரண்டு பம்பின் மேலும் மெத்தைக் கடையிலிருந்து கொண்டுவந்த உறைகளைப் போட்டு மூடியிருந்தார்கள், மீட்டர் யார் கண்ணுக்கும் தெரியாமல் இருக்க. தம்பி விசில் ஊதிக் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். முதலாளி மைக்கில் சொன்னார்: "இப்ப அம்மா பெட்ரோல் போடப் போறாங்க. யாரும் பாக்கக்கூடாது. எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ண மூடுங்க." அத்தனை பேரும், போக்குவரத்துக் காவலர் உட்பட, காற்று அடிக்கிற கொட்டகைச் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார்கள். மெத்தைக்காரர் எல்லாருக்கும் முன்னால், சுவரில் மூக்கு முட்டுகிற தூரத்தில் நின்றார்.

ஊசியம்மா தனியாக நின்றாள். அவ்வளவு பெரிய கூட்டத்தின் முதுகை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. இன்றைக்கு மறுபடியும் பொய் சொன்னால் ஆயுசு முழுக்கச் சொல்லவேண்டும். நாளைக்கு அவருக்குக் கடை வேலையும் இருக்காது. உண்மையைச் சொன்னால், இத்தனை பேர் நடுவில் அவர் தலை குனியும். இரண்டும் வேண்டாம் என்றால் ஒரே வழிதான். அவர் வாயில் என்ன வரும் என்று முன்கூட்டியே ஊகித்து அதையே போட்டுவிட்டால், அவள் சொல்வதும் உண்மையாகிவிடும், அவரும் ஜெயித்துவிடுவார். இன்றைக்கு அவர் வாயில் என்ன வரும்? பெரிய நாள். டை. குடை, நாற்காலி. பக்கத்தில் முதலாளி. பிரீமியம்தான் வரும், வேறு என்ன வரப்போகிறது? அவள் பிரீமியம் பம்பின் உறையைத் தூக்கி, பெட்ரோலைப் போட்டாள். நிம்மதியாக மூச்சு விட்டாள்.

மெத்தைக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். கூட்டம் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றது. வண்டி திரும்பி வந்து நின்றதும் அவர் இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தி, மைக்கை வாங்கினார். வண்டியின் பானட்டை ஒருமுறை தடவிக்கொடுத்தார்.

"எல்லாரும் நான் பிரீமியம்னு சொல்லுவேன்னு எதிர்பாப்பீங்க. ஆனா கால் பொய் சொல்லாது. இது சாதா."

கூட்டம் அவளைப் பார்த்துத் திரும்பியது. அவரும் பார்த்தார். முதல் நாள் வாசலில் பார்த்த மாதிரிப் பார்க்கவில்லை. பயமே இல்லாமல், வரப்போவது தெரிந்தவராகப் பார்த்தார். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்த மனுஷன் ஒருநாளாவது நான் நினைத்த மாதிரிப் பேசக்கூடாதா என்று ஆத்திரம் வந்தது. அவர்மேல் இரக்கமும் வந்தது. நரம்பு தவறிய கையை நினைத்துக்கொண்டாள்.

"தப்பு" என்றாள். "நான் போட்டது பிரீமியம்."

மெத்தைக்காரர் மைக்கை இறக்கினார். அவளை வெகுநேரம் பார்த்தார். காலையில் அறைக்குள் அவள் சொன்னதை நம்பாதவர், இப்போது நம்பினார். வீட்டுக்குள் அவருக்காக ஒரு பொய் சொன்னாலும் சொல்வாள். இத்தனை பேர் முன்னால் அவரைத் தலைகுனிய வைக்க மட்டும் ஒரு பொய் சொல்லமாட்டாள். இது அவருக்குத் தெரியும். "மொத தடவையுமா?" என்று உதட்டை அசைத்துக் கேட்டார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

முதலாளி ஓடிப்போய் உறையை உருவி மீட்டரைப் பார்த்தார். பிரீமியம் பம்பில்தான் ஓடியிருந்தது. "அம்மா சொல்றது சரிதான்" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, தம்பி பெட்ரோல் டின் ஒன்றின் மேல் ஏறி நின்றுவிட்டான்.

"அக்கா பொய் சொல்லாது! மாமா தப்பா சொல்ல மாட்டாரு! ரெண்டும் உண்மைன்னா என்ன அர்த்தம்? இந்தப் பம்ப்புல பிரீமியம்னு சொல்லி சாதா ஊத்தறான்னு அர்த்தம்!"

கூட்டத்துக்கு அது சட்டென்று பிடிபட்டது. அவ்வளவு தெளிவாக அவர்களுக்கு எதுவும் அதுவரை பிடிபட்டதில்லை. பிரீமியம் போட்டவர்கள் எல்லாரும் ஏமாற்றப்பட்டவர்கள் ஆனார்கள்; போடாதவர்களும் சேர்ந்துகொண்டார்கள். யாரோ பம்பின் குழாயைப் பிடித்து இழுத்தார்கள். யாரோ முதலாளியின் சட்டையைப் பிடித்தார்கள். காவலர் விசிலைத் தேடினார். அது தம்பியிடம் இருந்தது.

மெத்தைக்காரர் தனக்கென்று போட்டிருந்த நாற்காலியின் மேல் ஏறினார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அவர விடுங்க! பம்ப்புல தப்பில்ல, என்கிட்டதான் தப்பு. எனக்கு வித்தியாசம் தெரியாது. என்னிக்குமே தெரிஞ்சதில்ல. நான் சும்மா சொன்னேன். வாய்க்கு வந்ததச் சொன்னேன்!"

கூட்டம் ஒரு கணம் அடங்கியது. பிறகு முன்வரிசையில் ஒரு பெண்மணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாத்தியா, அடுத்தவன் பொழப்பு கெட்டுடக்கூடாதுன்னு பழிய தன் மேல போட்டுக்கறாரு."

"இல்லம்மா! நான் மெத்தை விக்கறவன். சாதா மெத்தைக்கும் டீலக்ஸ் மெத்தைக்கும் உள்ள ஒரே பஞ்சுதான். நான் வாயால வித்தது!"

"அதெல்லாம் இல்ல" என்றார் ஒருவர் உறுதியாக. "எங்க வீட்டுல டீலக்ஸ் வாங்கினதுலேர்ந்து நல்லாத் தூங்கறோம்."

"மாமாவ மிரட்டியிருக்காங்க" என்று தம்பி டின் மேலிருந்து கத்தினான்.

அவர் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். குரல் உடைகிறவரை சொன்னார். அவர் எவ்வளவு சொன்னாரோ அவ்வளவுக்கு அவர்மேல் மரியாதை கூடியது. யாரோ அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், வலது காலை, ஆக்ஸிலேட்டர் மிதிக்கிற காலை. கடைசியில், சட்டையில் ஒரு பொத்தானும் மிச்சமில்லாமல் முதலாளியே தள்ளாடிக்கொண்டு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர்.

"சார், என்கிட்ட மட்டும் மறைக்காம சொல்லுங்க. டாங்கர் லாரிக்காரன் என்னை ஏமாத்திட்டானா?"

மெத்தைக்காரர் நாற்காலியிலிருந்து இறங்கினார். "லாரிக்காரன் பாவம்" என்றார். "எனக்குத்தான் ஒண்ணும் தெரியாது சார்." முதலாளி அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு லாரிக்காரனுக்கு போன் போட ஓடினார்.

ஊசியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் கையைப் பிடித்தாள். இருவரும் வண்டியில் ஏறினார்கள். ஜனங்கள் தாங்களே ஒதுங்கி வழிவிட்டார்கள். சிலர் கண்ணாடியைத் தொட்டுக் கும்பிட்டார்கள். தெரு திரும்பியபிறகும் தம்பியின் விசில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கொஞ்சதூரம் போனார்கள். வண்டி சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஒரு மூடிய கடையின் முன்னால் ஓரங்கட்டி நிறுத்தினார். டையைத் தளர்த்தினார்.

"ஆயுசுல மொத தடவயா கலப்படமில்லாத உண்மையச் சொன்னேன்" என்றார். "அத்தன பேர்ல ஒருத்தன்கூட நம்பல."

"நான் நம்பறேன்" என்றாள் ஊசியம்மா.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"நெஜமாவா?"

"நீங்க சொன்னத அப்படியே நம்பறேன். ஒரு வார்த்த விடாம."

பரிசோதித்துப் பார்க்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மெத்தைக்காரர் இரண்டு கையையும் மடக்கி ஸ்டியரிங்கில் வைத்து, அதன்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஹார்ன் அலற ஆரம்பித்தது. மாடிகளில் ஜன்னல்கள் திறந்தன, எதிர்க்கடைக்காரர் வெளியே வந்து என்ன என்று கையால் கேட்டார். அவர் தலையை எடுக்கவில்லை. ஊசியம்மாவும் எடுக்கச் சொல்லாமல் அவர் முதுகில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.